யாரும் சொல்லிக்கொடுக்காத தமிழ்: காது கேளாத குழந்தைக்கு அதை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

"தண்ணி லாரி வந்துச்சு, ஆயா சண்ட போட்டுச்சு." கொருக்குப்பேட்டையில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று இப்படிச் சொன்னால், அந்த வாக்கியத்தை யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். குடத்தை வரிசையில் வைக்கும்போது பெண்கள் பேசியது, திண்ணையில் ஆயா புலம்பியது, பக்கத்து வீட்டு போன் பேச்சு என்று எல்லாம் அதன் காதில் விழுந்துகொண்டே இருந்தன. சின்னக் குழந்தைகள் மொழியில் பெரும்பங்கை இப்படி ஒட்டுக்கேட்டுத்தான் கற்கிறார்கள். யாருக்கு யார் மேல் கோபம், எதைச் சொன்னால் அம்மா சிரிப்பாள், எதை வெளியே சொல்லக்கூடாது என்பதெல்லாம் அதே வழியில்தான் வந்து சேர்கின்றன.

காது கேளாத குழந்தைக்கு முதலில் அடைபடுவது இந்த வழி. இழப்பு மிகக் கடுமையாக இல்லாவிட்டால், மடியில் வைத்துக் கொஞ்சினால் ஓரளவு கேட்கும். இரண்டு பேர் தங்களுக்குள் பேசுவது கேட்காது. வீட்டார் "நாம பேசறது அதுக்குப் புரியுது" என்று நம்பிக்கொண்டிருக்கையில், குழந்தைக்குக் கிடைப்பது அதை நோக்கிச் சொன்ன சில சொற்கள் மட்டுமே. மொழி தாமதமாவதற்கும், பிறகு "முரட்டுப் புள்ள", "பிடிவாதம்" என்று பெயர் வாங்குவதற்கும் வேர் ஒன்றுதான்.

ஒரு மீட்டர் தூரத்தில் சாதாரணமாகப் பேசும் குரல் சுமார் 60 டெசிபல். தூரம் இரண்டு மடங்கானால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். 40 டெசிபல் இழப்புள்ள, அதாவது அதைவிட மெல்லிய ஒலி கேட்காத குழந்தைக்கு அருகில் பேசினால் குரல் கேட்கும், அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் மங்கிய முனகல்தான் வரும். அதனால்தான் "சில நேரம் திரும்புறான், சில நேரம் திரும்பல, வேணும்னே பண்றான்" என்ற குழப்பம். இதோடு எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரிகள், ஷீட் கூரையில் அதிரும் மழை, ஃபேன், டிவி, நாலு பக்கமும் வெறும் சிமென்ட் சுவரில் எதிரொலிக்கும் சின்ன அறை எல்லாம் சேர்கின்றன. காது கேளாத குழந்தைக்குப் பேச்சு தெளிவாகப் புரிய, சுற்றியுள்ள சத்தத்தைவிடப் பேச்சு 15 டெசிபலாவது உயர்ந்திருக்க வேண்டும். நம் வீடுகளில் டிவியை அணைக்காமல் அது கிடைக்காது.

தமிழ் தன் இலக்கணத்தைச் சொல்லின் வாலில் வைத்திருக்கிறது. அம்மாவை, அம்மாவுக்கு, அம்மாகிட்ட, அம்மாவோட: யார் யாருக்கு என்ன செய்தார் என்பது முழுக்க அந்தக் கடைசி அசையில் இருக்கிறது, நாம் அதைத்தான் மென்மையாக விழுங்கிப் பேசுகிறோம். பேச்சுத் தமிழில் "வந்தான்" என்பதன் கடைசி ன் முழுதாக ஒலிப்பதில்லை, மூக்கொலியாகக் கரைந்துவிடுகிறது. "வந்தாள்" என்பதன் ள் அறவே உதிர்ந்துவிடுகிறது. ஆக, வந்தது அண்ணனா அக்காவா என்பதைச் சொல்வது அந்த மெல்லிய மூக்கொலி ஒன்றுதான். அரைகுறையாகக் கேட்கும் குழந்தைக்கு இரண்டும் ஒன்றே. ஐந்து வயதில் பெயர்ச்சொற்களை அடுக்கிப் பேசி, வேற்றுமை உருபுகளையும் வினையின் முடிவையும் விட்டுவிடும் குழந்தைகள் பலரைப் பார்க்கலாம். அவர்களுக்கு அந்த வால் ஒருபோதும் போய்ச் சேரவில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான் என்றும் விட்டுவிட முடியாது. பணம், மணம் இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். க, ட, ண போன்றவை வாய்க்குள்ளேயே பிறந்து அடங்குகின்றன.

கண்டுபிடிப்பது எப்போது

உலகெங்கும் பின்பற்றப்படும் கணக்கு 1-3-6. பிறந்து 1 மாதத்துக்குள் முதல் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் காது மெஷினும் பயிற்சியும். அமெரிக்காவின் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இடானோ குழு 1998-ல் வெளியிட்ட ஆய்வு, 6 மாதத்துக்கு முன் கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழி, பின்னால் கண்டறியப்பட்டவர்களைவிடத் தெளிவாக முன்னால் இருந்ததைக் காட்டியது. இழப்பின் அளவைவிடக் கண்டறிந்த வயது பெரிதாக நின்றது.

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை ஆனாலும் தனியார் நர்சிங் ஹோம் ஆனாலும், டிஸ்சார்ஜ் ஆகும் முன் "காது டெஸ்ட் எடுத்தாச்சா, ரிசல்ட் என்ன?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். காதில் சின்ன முனையை வைத்துச் சில நிமிடங்களில் எடுப்பது ஓஏஇ. முதல் ஓரிரு நாளில் காதுக்குள் பிறப்பு நீரும் பிறப்பின்போது தோலில் ஒட்டியிருக்கும் மாவும் இருப்பதால் நன்றாகக் கேட்கும் குழந்தைக்கும் "ரெஃபர்" (மறுபடி பார்க்க வேண்டும்) என்று வரலாம், பயப்பட வேண்டாம். ஆனால் மறுபடி எடுக்காமல் விடவும் கூடாது. இங்கேதான் பல குழந்தைகள் தவறிப்போகிறார்கள். ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போகும் நாளையே மறுபரிசோதனை நாளாக வைத்துக்கொண்டால் மறக்காது.

ஓஏஇ உள்காதின் மயிர்ச்செல்களை மட்டுமே பார்க்கிறது, நரம்பைப் பார்ப்பதில்லை. ஐந்து நாளுக்கு மேல் என்ஐசியு-வில் (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருந்த குழந்தை, ரத்தம் மாற்றும் அளவுக்கு மஞ்சள் காமாலை வந்த குழந்தை இவர்களுக்கு ஓஏஇ பாஸ் ஆனாலும் நரம்பில் கோளாறு இருக்கலாம். அவர்களுக்கு, ஒலிக்குக் கேள்நரம்பு காட்டும் பதிலை எலக்ட்ரோடு ஒட்டிப் பதிவு செய்யும் பெரா டெஸ்ட் அவசியம். ஸ்டான்லி போன்ற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் இதைக் கேட்கலாம். பெராவுக்குக் குழந்தை தூங்க வேண்டும். வரும் வழியில் தூங்கவிடாமல் வைத்திருந்து, அங்கே போய்ப் பால் கொடுத்தால் மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தை பெரும்பாலும் மருந்தில்லாமலே தூங்கிவிடும். அன்று நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் எண்ணெய், மை, பவுடர் வேண்டாம், எலக்ட்ரோடு ஒட்டாது. அரை மணி அழுதுவிட்டு "இன்னொரு நாள் வாங்க" என்று திரும்பிப் போகும் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்தச் சின்ன விஷயங்கள்தான் காரணம்.

வீட்டில் தட்டைத் தட்டிப் பார்ப்பது சோதனையாகாது. தட்டின் அதிர்வும் அடிக்கும் கையின் நிழலும் போதும், குழந்தை திரும்பும். பட்டாசுக்குத் திடுக்கிடுவதும் அப்படியே. நம்பத்தக்க அடையாளம் மழலை. கேட்கும் குழந்தை 6 முதல் 10 மாதத்துக்குள் "பபபா", "மமமா", "தத்தா" என்று மெய்யும் உயிரும் சேர்த்து அடுக்கும். காது கேளாத குழந்தையும் முதலில் குரல் எழுப்பும், சிரிக்கும், "ஊ" என்னும். ஆனால் இந்த அடுக்கு வராது, அல்லது ஒரு வயதுக்கும் தள்ளிப்போகும். "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு", "நாக்கு ஒட்டியிருக்கு", "வசம்பு தேய்ச்சா சரியாப்போகும்" என்று சொல்லிக் கழியும் ஒவ்வொரு மாதமும் திரும்ப வராது. நாக்கைச் சோதிக்கும் முன் காதைச் சோதியுங்கள்.

காரணங்களில் இரண்டை மட்டும் சொல்ல வேண்டும். நெருங்கிய உறவில் திருமணம் நம் பக்கத்தில் இன்னும் பரவலாக இருக்கிறது. மாமன் மகள், அக்கா மகள் திருமணத்தில் ஒரே மறைமரபணு இருபக்கமும் சேர வாய்ப்பு கூடுகிறது. முதல் குழந்தைக்குக் காது கேளாமை இருந்தால் அடுத்த குழந்தைக்குப் பிறந்தவுடனே பெரா எடுங்கள். யாரையும் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை, மருமகள் மேல் பழி போடும் வீடுகளில் பயிற்சியே நடப்பதில்லை. இரண்டாவது மூளைக்காய்ச்சல். அதற்குப் பின் உள்காது எலும்பாகி இறுகிவிடக்கூடும், அதனால் காய்ச்சல் தணிந்ததும் சில வாரங்களுக்குள் பெரா பார்த்தாக வேண்டும். தாமதித்தால், உள்காதுக்குள் அறுவை செய்து வைக்கும் கேட்கும் கருவியான காக்ளியர் இம்பிளான்ட் பொருத்தவே இடமிருக்காமல் போகலாம்.

மெஷின் பீரோவில் இருந்தால்

காது மெஷின் கிடைத்துவிட்டது என்பதோடு பலர் மூச்சு விட்டுவிடுகிறார்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம், நாளுக்கு 10 மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும் குழந்தைகளின் மொழிதான் நன்றாக வளர்கிறது. தெரபிக்கு (பேச்சுப் பயிற்சிக்கு) போகும்போது மட்டும் மாட்டினால் பயனில்லை.

கழற்றிப் போட வைப்பது பெரும்பாலும் மோல்டு, அதாவது காதின் அளவுக்கு அச்செடுத்துச் செய்து காதுக்குள் பொருத்தும் பகுதி. குழந்தையின் காது வளர்ந்துகொண்டே இருக்கும். முதல் வருடத்தில் ஒன்று இரண்டு மாதத்துக்கொரு முறை புதிய மோல்டு தேவைப்படும், பிறகு மூன்று முதல் ஆறு மாதத்துக்கொரு முறை. மோல்டு தளர்ந்தால் "கீ" என்று விசிலடிக்கும். வீட்டார் விசிலை நிறுத்த சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள், குழந்தைக்கு ஒன்றும் கேட்காது. விசில் வந்தால் முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று ஆடியாலஜிஸ்ட்டிடம் (கேட்கும் திறன் நிபுணரிடம்) பாருங்கள், இல்லையென்றால் மோல்டை மாற்றுங்கள்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் கடலோரத்தில் உப்புக் காற்றும் வியர்வையும் மெஷினைத் தின்னும். இரவில் பேட்டரியை வெளியே எடுத்து, பேட்டரிக் கதவைத் திறந்தபடி மெஷினை மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். பேட்டரியை அந்த டப்பாவில் வைக்கக்கூடாது, காய்ந்து செத்துவிடும். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஜெல் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். மோல்டை மட்டும் கழற்றி வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, குழாய்க்குள் ஊதி நீரை வெளியேற்றிக் காயவைத்து மாட்டுங்கள். ஜிங்க்-ஏர் பேட்டரியில் ஸ்டிக்கரைப் பிய்த்ததும் ஒரு நிமிடம் காற்றுப்பட விட்டுப் போட்டால் அதிக நாள் வரும். ஆரஞ்சு ஸ்டிக்கர் 13-ம் எண், நீலம் 675, மெஷினுக்கு எதுவோ அதுதான் பொருந்தும். குழந்தைகளின் மெஷினுக்குப் பூட்டும் பேட்டரிக் கதவு கேட்டு வாங்குங்கள். குழந்தை பேட்டரியை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் புண்ணாகிவிடக்கூடும்.

தினமும் காலையில் மெஷின் போட்டதும் ஆறு ஒலிச் சோதனை செய்யுங்கள்: ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம். தாழ்ந்த சுருதியான ம்-மிலிருந்து உயர்ந்த ஸ் வரை பேச்சின் முழு அகலமும் இதில் அடங்கிவிடும். குழந்தையின் பக்கவாட்டில், வாய் தெரியாதபடி, சாதாரணக் குரலில், ஒவ்வொன்றுக்கும் இடைவெளியை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். ஒரே தாளத்தில் சொன்னால் குழந்தை நேரத்தை ஊகித்துவிடும். கேட்டதும் ஒரு கோலியை டப்பாவில் போடச் சொன்னால் இரண்டு வயதிலேயே செய்யும். நேற்று வரை கேட்ட ஸ் இன்று கேட்கவில்லை என்றால் பேட்டரி, மோல்டில் அடைப்பு, சளியால் நடுக்காதில் நீர் என்று வரிசையாகப் பாருங்கள். காதுக்குள் எண்ணெய் விடாதீர்கள்.

இழப்பு மிகக் கடுமையாக இருந்து மெஷின் போதவில்லை என்றால் காக்ளியர் இம்பிளான்ட். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது செய்யப்படுகிறது. ஆறு வயது வரை நேரம் இருக்கிறது என்று அந்த வரம்பை எடுத்துக்கொள்வது பெரும் தவறு. ஆய்வாளர் அனு சர்மாவின் மூளை அலை ஆய்வுகளில், மூன்றரை வயதுக்கு முன் இம்பிளான்ட் பெற்ற குழந்தைகளின் மூளையில் ஒலியைக் கேட்டறியும் பகுதி வயதுக்குரிய அளவை எட்டியது. ஏழு வயதுக்குப் பின் பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு எட்டவில்லை. அறுவைக்கு முன் நிமோகாக்கல் தடுப்பூசி போட்டாக வேண்டும், இம்பிளான்ட் உள்ளவர்களுக்கு மூளைக்காய்ச்சல் ஆபத்து சற்றுக் கூடுதல். அறுவை முடிந்து சில வாரம் கழித்துத்தான் மெஷினை இயக்குவார்கள். அன்றைக்கே "அம்மா" என்று சொல்லும் என்று எதிர்பார்க்கும் குடும்பம் உடைந்துபோகிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு அன்று கேட்கும் வயது பூஜ்யம். அன்றிலிருந்து கணக்கு வையுங்கள்.

பயிற்சி தூரத்தில் இருப்பது வடசென்னைக்காரர்களின் பழைய வலி. காது கேளாத சிறு குழந்தைகளுக்காக 1969 முதல் இயங்கும் பால வித்யாலயா பள்ளி அடையாறில் இருக்கிறது. 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தபின் சின்னமலை வரை ஒரே ரயிலில் போய் அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். இருந்தும், அன்றைய கூலியை விட்டுவிட்டு வாரம் இருமுறை போவது எல்லோராலும் முடியாது. அதனால் தெரபிஸ்ட்டிடம் கேட்க வேண்டிய கேள்வி "குழந்தை என்ன பண்ணுச்சு?" என்பதல்ல. "இந்த வாரம் வீட்டில் நான் என்ன செய்யணும், காட்டுங்க" என்பதுதான்.

வீட்டில் செய்வது

தனியாகப் பாடநேரம் வேண்டாம். மீன் கழுவும் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். டிவியை அணைத்துவிட்டு, குழந்தையை மெஷின் இருக்கும் காதுப் பக்கம், ஒரு கை நீளத்துக்குள் உட்காரவையுங்கள். முதலில் காதால் கேட்கட்டும்: "மீன் வழவழன்னு இருக்கு." பிறகு தொட்டுப் பார்க்கவிடுங்கள். மறுபடி அதே வாக்கியம். அடுத்து "செதிலை எடுக்கலாமா? வாலை வெட்டலாமா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு பத்து நொடி காத்திருங்கள். அந்தக் காத்திருப்புதான் மிகக் கடினம், எல்லோரும் மூன்றாவது நொடியில் தாங்களே பதில் சொல்லிவிடுவார்கள். குழந்தை "வா" என்றால் "ஆமா, வாலை வெட்டலாம்" என்று நீட்டிச் சொல்லுங்கள், "வாலை" என்பதன் ஐயைச் சற்று இழுத்து. கத்த வேண்டாம். கத்தினால் உயிரெழுத்து மட்டும் பெருகும், மெய்யெழுத்து சிதையும், உதடும் கோணும். ஒற்றைச் சொல்லாகச் சுருக்கவும் வேண்டாம்: "பால்! பால்!" என்றே கேட்ட குழந்தைக்கு "பாலைக் குடிச்சியா" என்ற வடிவம் எங்கிருந்து வரும்?

வீட்டில் தெலுங்கு பேசினால் தெலுங்கிலும் உருது பேசினால் உருதுவிலும் பேசுங்கள். "ஸ்கூல்ல இங்கிலீஷ்தான், அதனால வீட்லயும் இங்கிலீஷ்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அம்மா தடுமாறிப் பேசும் மொழியில் கோபமும் கொஞ்சலும் கதையும் இருக்காது.

மற்றவர் மனம்

இனிச் சொல்வது பலருக்குத் தெரியாதது, தெரிந்திருக்க வேண்டியது. அண்ணன் பந்தைக் கட்டிலடியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறான். அம்மா அதை எடுத்து பீரோவில் வைக்கிறாள். அண்ணன் திரும்பி வந்து எங்கே தேடுவான்? கேட்கும் குழந்தைகள் நாலரை ஐந்து வயதில் "கட்டிலடியில" என்கிறார்கள், அண்ணனுக்குத் தெரியாதது என்ன என்பது அவர்களுக்குத் தெரிகிறது. கேட்கும் பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத குழந்தைகள் பலருக்கு இது வர ஆண்டுக்கணக்கில் தாமதமாகிறது. ஆனால் சைகை மொழி பேசும் காது கேளாத பெற்றோரின் குழந்தைகள் சரியான வயதிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஆகக் குறை காதில் இல்லை, கிடைத்த உரையாடலில் இருக்கிறது. நிகரகுவாவில் புதிதாக உருவான சைகை மொழியின் முதல் தலைமுறையினர், "நினை", "தெரியும்" போன்ற வினைகள் தங்கள் மொழியில் குறைவாக இருந்தபோது பெரியவர்களாகியும் இத்தகைய சோதனையில் தடுமாறினார்கள். அந்த வினைகளைக் கற்றபின் தேறினார்கள். 2009-ல் வெளியான அந்த ஆய்வு நமக்கு நேரடியாக வழி காட்டுகிறது.

மனத்தைப் பற்றிய சொற்களைக் குழந்தையிடம் பேச வேண்டும். நெனச்சேன், மறந்துட்டேன், எனக்குத் தெரியாது, ஏமாந்துட்டான், பயந்துட்டா, வெக்கப்படுறா. "சாவி பையில இருக்குன்னு நெனச்சேன், இல்ல, மறந்துட்டேன்" என்று உரக்கச் சொல்லித் தேடுங்கள். இவற்றில் அவசரமானது "தெரியாம" என்பதும் "வேணும்னே" என்பதும். சந்தில் ஒருவன் ஓடும்போது இடித்துவிட்டால், கேட்கும் குழந்தைக்கு "ஸாரிடா, தெரியாம பட்டுடுச்சு" என்பது காதில் விழும். கேளாத குழந்தைக்கு இடி மட்டும் விழும், திருப்பி அடிக்கும். பிறகு அதற்கு முரட்டுப் புள்ள என்று பெயர்.

தெருவிளையாட்டிலும் இதே கதை. ஐஸ் பாயோ கிரிக்கெட்டோ, விதி நடுவில் மாறும், யாராவது கத்திச் சொல்வார்கள், இவனுக்கு மட்டும் தெரியாது. விளையாட்டு தொடங்கும் முன் பெரியவர் ஒருவர் "யார் பிடிக்கிறது, எது எல்லை" என்பதைச் சொல்லிவிடட்டும். வயதொத்த ஒரு குழந்தையைத் துணைக்குப் பழக்குங்கள்: கூப்பிட தோளைத் தொடு, முகத்தைப் பார்த்துச் சொல். இவனுக்கும் மூன்று வாக்கியம் நாக்கில் பழகியிருக்க வேண்டும். "நானும் வரவா?" "யார் பேட்டிங்?" "இன்னொரு வாட்டி சொல்லு." மூன்றாவதுதான் முக்கியம். புரியாதபோது தலையாட்டிச் சிரிக்கும் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் வாழ்நாளுக்கும் விடாது.

வீட்டில் எல்லோரும் சிரிக்கும்போது குழந்தை கையைப் பிடித்து "என்ன?" என்று கேட்கும். "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்." அந்த அப்புறம் வருவதில்லை. நாளுக்குப் பத்து முறை இது நடக்கும் வீட்டில் குழந்தை கேட்பதையே நிறுத்திவிடுகிறது. சித்தப்பா வண்டியிலிருந்து விழுந்த கதையென்றால் இரண்டே வாக்கியத்தில் அதையும் சொல்லுங்கள்.

சைகை மொழி கற்றால் பேச்சு வராது என்ற பயம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அதற்கு ஆதாரம் இல்லை. மெஷின் கிடைக்கும் வரை, அல்லது மெஷினால் போதிய பயன் இல்லாதபோது, மொழியே இல்லாமல் குழந்தையை இரண்டு மூன்று வருடம் காக்கவைப்பதுதான் ஆபத்து. வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் ஐந்தாறு கைச்சாடைகள் மொழியாகா. இந்திய சைகை மொழியை அப்பாவும் அண்ணனும் சேர்ந்து கற்க வேண்டும். வளர்ந்த காது கேளாதவர்களைக் குழந்தை பார்க்க வேண்டும். வாயால் பேசும் குழந்தைக்கும் இது நல்லது, தான் பெரியவனாகி எப்படி இருப்போம் என்பது அப்போதுதான் அதற்குத் தெரியும்.

அங்கன்வாடியில் சேர்க்கும்போது ஆசிரியரிடம் மெஷினைக் கழற்றி மாட்டவும் பேட்டரி மாற்றவும் ஒருமுறை செய்து காட்டுங்கள், பையில் மாற்று பேட்டரி வையுங்கள். குழந்தை ஆசிரியருக்கு ஒரு மீட்டருக்குள், ஃபேனுக்கும் வாசலுக்கும் தள்ளி உட்கார வேண்டும். ஆசிரியர் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டாகும், எதிர்ப்பக்கம் நிற்கச் சொல்லுங்கள். பாட்டு நேரத்தில் எல்லோரும் ஒன்றாகக் கத்தும்போது எதுவும் புரியாது. மறுநாள் பாடப்போகும் பாட்டை முந்தின நாளே கேட்டுவந்து வீட்டில் இரண்டு தடவை பாடிவிட்டால், அடுத்த நாள் அவனும் கை தட்டிச் சேர்ந்துகொள்வான். மதியம் சோர்ந்து அடம் பிடித்தால் அது குணமில்லை: ஒவ்வொரு சொல்லையும் முயன்று கேட்ட மூளையின் களைப்பு. மெஷினைக் கழற்றி அரை மணி அமைதியாகப் படுக்கவிட்டு, எழுந்ததும் மறுபடி மாட்டுங்கள்.